கடைத்தெருவுக்கு மேலே ஒரு காடு

டிசெம்பர் மாதத்தின் நடுப்பகுதி கழிந்துவிட்டால் கண்டி மாநகர வீதிகளில் எவரும் நடப்பதில்லை, மிதக்கிறார்கள். மக்கள் வெள்ளம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். பேராதனை வீதியில் பிள்ளைக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கப் புறப்பட்ட குடும்பத் தலைவர், தலதா வீதியில் இரண்டு தலையணை உறைகளோடும் ஒரு பிளாஸ்டிக் வாளியோடும் கரையொதுங்குவார். சப்பாத்துக் கடை எந்தத் திசையில் இருந்தது என்பதே அவருக்கு அப்போது மறந்திருக்கும். மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி பஸ் வண்டிகள் ஒன்றையொன்று அதட்டுகின்றன. புடைவைக் கடைகளின் வாசல்தோறும் ஒலிபெருக்கிகள் நத்தார் கீதம் இசைக்கின்றன. ஒரு கடையின் கீதத்தின்மேல் அடுத்த கடையின் மலிவு விற்பனை அறிவிப்பு ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

பண்டிகையைக் குறை கூறுவதற்காக நாம் இதை எழுதவில்லை. நத்தார் வருகிறது என்றால் எமது இல்லத்துக்கும் மகிழ்ச்சியே. அயல் வீட்டுக் கிறிஸ்தவ அன்பர்கள் அனுப்பும் கேக்குத் துண்டுகளுக்கு, தைப்பொங்கலன்று நாம் அனுப்பும் சர்க்கரைப் பொங்கல் பதில் சொல்லும். இந்தக் கணக்குப் பல ஆண்டுகளாகத் தீராமல் நடந்து வருகிறது, தீரவும் வேண்டாம். கூட்டத்தில் நெருக்குண்டு நிற்பவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்களும் அல்லர். விலைக்குறைப்பு என்று எழுதிய பலகையின் முன் எல்லாச் சமயத்தாரும் ஒன்றுபட்டு நிற்பதைக் கண்டியில் எவரும் காணலாம்.

ஆயினும் பொழுது சாயும் வேளையில் பஸ் நிலையத்தில் நின்று, வீடு திரும்புவோரின் முகங்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். பிள்ளை அழுகிறது. தாய் களைத்துவிட்டாள். தந்தை மனத்துக்குள் கூட்டல் கணக்குச் செய்துகொண்டிருக்கிறார். மகிழ வேண்டும் என்று எடுத்த முயற்சியே அன்றைய மகிழ்ச்சி முழுவதையும் தின்றுவிட்டது. இந்த நாட்களில் ஒரே ஒரு காலைப் பொழுதையாவது வேறு விதமாகச் செலவிட முடியாதா என்று அந்தக் குடும்பத்தார் கேட்டால், முடியும் என்பதே எமது விடை. அதற்கு நுவரெலியாவுக்கோ திருகோணமலைக்கோ பயணம் போக வேண்டியதில்லை. கடைத்தெருவில் நின்றபடியே தலையைச் சற்று உயர்த்திப் பார்த்தால் போதும்.

தலதா மாளிகையின் பின்னே, நகரத்தின் கூரைகளுக்கு மேலே, கரும்பச்சையாய் ஒரு மேடு எழுந்து நிற்கிறது. அதுதான் உடவத்தகலே. சிங்களத்தில் ‘உட’ என்றால் மேலே. ‘வத்த’ என்றால் தோட்டம். ‘கலே’ என்றால் காடு. அரண்மனைக்கு மேலிருந்த அரச தோட்டக் காடு என்று பொருள் கொள்ளலாம். அதன் பரப்பு ஏறத்தாழ 257 ஏக்கர். அதாவது 104 ஹெக்டயர். பெரிய காடுகளைக் கண்டவர்களுக்கு இது ஒரு கைக்குட்டை போலத் தோன்றலாம். ஆனால் ஒரு மாநகரத்தின் நடுவே, வங்கிகளிலிருந்தும் சந்தையிலிருந்தும் நடந்து போகக்கூடிய தூரத்தில், இத்தகைய காடு எத்தனை ஊர்களுக்கு வாய்த்திருக்கிறது?

அது எவ்வாறு தப்பிப் பிழைத்தது என்பதை மாணாக்கர்கள் அறிந்துகொள்ள வேண்டும். கண்டி அரசர் காலத்தில் அது அரச குடும்பத்தாருக்கு மட்டும் உரியதாய் இருந்தது. பொதுமக்கள் நுழையக்கூடாது என்று தடை இருந்தமையால் ‘தகஞ்சி கலே’, அதாவது தடைக்காடு, என்றும் அதற்குப் பெயர் உண்டு. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக இருந்த றொபேட் வில்மட் ஹோர்ட்டனின் மனைவியார் பெயரால் இன்றும் அங்கே ஒரு பாதை வழங்கி வருகிறது. 1856ஆம் ஆண்டில் அது ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது; 1938ஆம் ஆண்டில் சரணாலயம் ஆயிற்று. அரசன் போட்ட தடை போய், ஆங்கிலேயர் ஆட்சி போய், குடியரசும் வந்துவிட்டது. ஆனால் ‘இதை வெட்டாதே’ என்ற சொல் மட்டும் ஒவ்வோர் ஆட்சியிலும் யாராவது ஒருவரால் திரும்பச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்று அந்த மேட்டில் ஓட்டுக் கூரைகளும் வாகனத் தரிப்பிடங்களும் இருந்திருக்கும், பறவைகள் இருந்திரா.

இந்தக் காட்டின் அருமையை உணர்ந்து அங்கேயே வாழ்ந்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் பிறந்து, பௌத்த துறவியாகி, 1958இல் கண்டியில் பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் நிறுவுநர்களுள் ஒருவராக விளங்கிய ஞானபோனிக தேரர், 1994இல் மறையும் வரை பல பத்தாண்டுகள் உடவத்தகலேயின் உள்ளே இருந்த ஆச்சிரமத்தில் வாழ்ந்தார். விழிப்பான கவனம் என்பதைப் பற்றி உலகமெங்கும் படிக்கப்பட்ட நூல்களை எழுதியவர் அவர். கவனத்தைப் பற்றி எழுதுவதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு இருந்திருக்க முடியாது. அங்கே கவனமில்லாமல் நடப்பவருக்கு மரங்கள் மட்டுமே தெரியும். கவனித்து நிற்பவருக்கே பறவைகள் தெரியும்.

டிசெம்பர் மாதம் அதற்கு ஏற்ற காலம். எமது ஊர்வாசிகளான பறவைகள் ஒருபுறமிருக்க, வடக்கிலிருந்து வந்த விருந்தாளிகளும் இப்போது காட்டில் தங்கியிருக்கின்றன. அவர்களுள் நாம் முதலில் அறிமுகம் செய்ய விரும்புவது ஆறுமணிக்குருவியை. காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் இரண்டு சீழ்க்கையாய்க் கூவுவதால் தமிழர் அதற்கு இந்தப் பெயரை இட்டனர். உடலில் பல வண்ணங்கள் கலந்திருப்பதால் வட இந்தியாவில் ‘நவரங்’ என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள அந்தச் சிறு உடல், இரவிரவாகப் பறந்து, கடலையும் தாண்டி இங்கே வருகிறது. வந்து சேர்ந்தபின் பெரும்பாலும் தரையிலேதான் இருக்கும். உதிர்ந்த இலைகளைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தேடும். ஏப்ரல் அளவில் மீண்டும் வடக்கே புறப்பட்டுவிடும்.

இந்தக் குருவியைப் பற்றிச் சிங்கள மக்களிடையே ஓர் அழகான கதை வழங்குகிறது. முன்னொரு காலத்தில் மயில் இதனுடைய ஆடையைக் கவர்ந்துகொண்டு போய்விட்டதாம். பாவம், இது இன்றுவரை ‘என் ஆடை, என் ஆடை’ என்று கூவிக்கொண்டே திரிகிறதாம். இன்னொரு விருந்தாளியின் கதை இதற்கு நேர் எதிர். அரசவால் ஈப்பிடிப்பான் என்று நாம் அழைக்கும் பறவையின் ஆண், வெண்பட்டு நாடா போன்ற, உடலினும் நீண்ட வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு மரத்துக்கு மரம் பறக்கும். யாருடைய துணியையோ திருடிக்கொண்டு ஓடுவது போல இருப்பதால் சிங்களத்தில் அதன் பெயர் ‘சுது ரெதி ஹொரா’. வெள்ளைத் துணிக் கள்வன் என்று பொருள். இலங்கையிலேயே நிலையாக வாழும் இனத்தில் ஆண்பறவைக்கும் செம்பழுப்பு நிறமே. வெள்ளை ஆடை உடுத்தவை இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. கீழே வீதியில் அத்தனை பேர் புதுத்துணிக்காக முண்டியடிக்கும் அதே வேளையில், மேலே காட்டில் துணியைப் பறிகொடுத்த ஒருவரும் துணியைத் திருடிய ஒருவரும் அமைதியாக இரை தேடிக்கொண்டிருப்பதை எண்ணினால் சிரிப்பு வராமல் இராது.

விருந்தாளிகளுள் காட்டு வாலாட்டியும் ஒன்று. அது கிழக்காசியாவில் குஞ்சு பொரிக்கும் பறவை. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழுமாக அசைக்க, இது மட்டும் பக்கவாட்டில் அசைக்கும். பிள்ளைகளிடம் இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும். அதைக் காணும் வரை அவர்கள் ஓய மாட்டார்கள். 

வேறு எந்த நாட்டிலும் காணக் கிடைக்காத, இலங்கைக்கே உரிய பறவைகள் 30க்கு மேல் உள்ளன. அவற்றுள் சில உடவத்தகலேயிலும் உண்டு. மஞ்சள் நெற்றிக் குக்குறுவான் ஓயாமல் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே உத்தியோகம் பார்த்த லெயார்ட் என்பவரின் பெயரைச் சுமக்கும் சாம்பல் தலைக் கிளி, கூச்சலோடு மர உச்சிகளைக் கடந்து போகும். இலங்கைக் குட்டிக்கிளி என்று ஒன்று உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். உச்சந்தலை சிவப்பு, உடல் பச்சை. இரவில் வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கியபடியே அது உறங்கும்.

இவற்றின் பெயர்களை எல்லாம் நாம் பாடநூலில் படித்ததில்லை. நம்மவர் பலர் காகம், மைனா, கிளி, கொக்கு என்ற நான்கு பெயர்களோடு வாழ்க்கையை முடித்துக்கொள்கிறோம். நமது முன்னோர் அப்படி இருக்கவில்லை. குமரித் துறைக்குச் சென்று நீராடி வடக்கே திரும்பும் நாரையைத் தம் மனைவிக்குத் தூது விடுத்தார் சத்திமுத்தப் புலவர். பறவைகள் பருவந்தோறும் தெற்கும் வடக்குமாகப் பயணம் செய்வதை அவர் அறிந்திருந்தார். மார்கழி விடியலுக்குச் சாட்சி சொல்ல ஆண்டாள் திருப்பாவையில் அழைப்பதும் பறவைகளைத்தான். அவள் ‘ஆனைச்சாத்தன்’ என்று பெயர் சொல்லிக் காட்டும் பறவையைக் கரிக்குருவி என்பார்கள். அதன் உறவினமான வெள்ளை வயிற்றுக் கரிக்குருவி கண்டியில் வீட்டுத் தோட்டங்களுக்கும் வரும். திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் எழுந்து நீராடிக் கோயிலுக்குப் போகும் வழக்கமுள்ள இல்லங்களுக்குப் பறவை பார்க்கப் போவது சிரமமே அன்று. கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போய் மீண்டும் போர்வைக்குள் புகாமல், அந்தக் கால்களைக் காட்டுப் பக்கம் திருப்பினால் போதும்.

எமது மாணாக்கர் ஒருவர் ஒரு நாள் எம்மிடம் கேட்டார்: “சேர், பறவைகளின் பெயரைத் தெரிந்துகொண்டால் பரீட்சையில் புள்ளி கிடைக்குமா?”

“புள்ளி கிடைக்காது, தம்பி; புள் கிடைக்கும்” என்றோம்.

வகுப்பறை சிரித்தது. ஆனால் அந்தக் கேள்வியை நாம் சிரித்து ஒதுக்கிவிடவில்லை. பயன் என்ன என்று கேட்கப் பழகிய தலைமுறைக்கு நேர்மையான விடை சொல்வது ஆசிரியர் கடமை. பறவை பார்ப்பதில் முதற்பயன், காத்திருக்கப் பழகுவது. கடையில் பணம் கொடுத்தால் பொருள் உடனே கைக்கு வரும். காட்டிலே ஆறுமணிக்குருவிக்கு என்ன விலை கொடுத்தாலும் அது தனக்கு இட்டமான வேளையில்தான் வெளியே வரும். இரண்டாவது பயன், எம்மைச் சுற்றி நாம் அறியாத வாழ்வு ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்ற அடக்கம். மூன்றாவது பயனைச் சொல்வதற்கு நாம் கண்டியை விட்டுச் சற்று வெளியே போக வேண்டும்.

நத்தாருக்கும் பறவைக்கும் உள்ள தொடர்பு அமெரிக்காவில் ஒரு விசித்திரமான வழியில் ஏற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே நத்தார் காலத்தில் ஒரு வேட்டைப் போட்டி நடப்பது வழக்கம். ஆடவர் இரு கட்சிகளாகப் பிரிந்து துப்பாக்கிகளோடு புறப்படுவார்கள். மாலையில் எந்தக் கட்சி அதிகமாகச் சுட்டுக் குவித்திருக்கிறதோ அந்தக் கட்சிக்கு வெற்றி. பிராங் சாப்மன் என்ற பறவையியலாளர் 1900ஆம் ஆண்டில் ஒரு மாற்று யோசனை சொன்னார்: ‘சுடாமல் எண்ணுங்கள்.’ அவ்வாண்டு நத்தார் தினத்தன்று 25 இடங்களில் 27 பேர் பறவைகளை எண்ணிக் குறித்தனர். அன்று தொடங்கிய நத்தார்ப் பறவைக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் டிசெம்பர் 14 முதல் ஜனவரி 5 வரை நடைபெறுகிறது; பல்லாயிரம் பேர் அதில் பங்குகொள்கிறார்கள். எந்தப் பறவை குறைகிறது, எது பெருகுகிறது என்று அறிய அந்தக் குறிப்புகள் ஆராய்ச்சியாளர்க்கு உதவுகின்றன. சாப்மன் பண்டிகையை நிறுத்தச் சொல்லவில்லை. துப்பாக்கியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார்.

தமிழ்நாட்டில் இதற்கு இணையான செய்தி ஒன்று உண்டு. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி என்ற பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அதனை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி முதலிய ஊர் மக்கள், கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் அஞ்சி ஓடிவிடக் கூடாது என்று, தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கைவிட்டுவிட்டார்கள். தீபாவளியன்று பட்டாசு கேட்டு அழும் ஒரு குழந்தையை எண்ணிப் பாருங்கள். அந்தக் குழந்தைக்கு ஒரு கொக்கின் கூட்டைக் காட்டிச் சமாதானம் சொன்ன தாயை எண்ணிப் பாருங்கள். அந்த ஊர்களுக்கு வனத்துறையினர் தீபாவளி நாளில் இனிப்பு வழங்கி நன்றி தெரிவிப்பதுண்டு. வேடந்தாங்கலின் வரலாறோ இன்னும் பழையது. அங்கே ஏரிப் பறவைகளைச் சுடுவதைக் கண்டு ஊரார் முறையிட, 1798ஆம் ஆண்டில் செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களுக்குப் பாதுகாப்பு உரிமை அளித்தார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அந்த உழவர்கள் நூல் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

இப்போது மூன்றாவது பயனைச் சொல்லிவிடலாம். அமைதி என்பது தானாக இருப்பதன்று. எவரோ ஒருவர் எதையோ விட்டுக்கொடுத்தபடியால் கிடைப்பது. சாப்மனின் நண்பர்கள் துப்பாக்கியை விட்டார்கள். கொள்ளுக்குடிப்பட்டிப் பிள்ளைகள் பட்டாசை விட்டார்கள். கண்டியில் 257 ஏக்கர் நிலத்தை விற்றுக் கட்டடம் எழுப்பும் ஆதாயத்தைத் தலைமுறை தலைமுறையாக விட்டிருக்கிறார்கள். நாம் ஒரு காலை வேளையில் மரத்தடியில் நின்று கேட்கும் குருவியின் குரல், அந்த விட்டுக்கொடுத்தல்கள் எல்லாம் சேர்ந்து எமக்கு அனுப்பிய பரிசு. பரிசுகளின் பருவமாகிய இந்த மாதத்தில் அதைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர்கள், தாமும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கப் பழகுவது முறையல்லவா?

ஏனெனில் உடவத்தகலே கவலையில்லாத காடு அன்று. தென் அமெரிக்காவிலிருந்து இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பெருத் தைல மரம் அங்கே பரவி, எமது நாட்டு மரங்களின் கன்றுகளை வளரவிடாமல் நெருக்குகிறது. சுற்றிலும் வீடுகளும் வீதிகளும் காட்டின் விளிம்புவரை வந்துவிட்டன. போகிறவர்கள் எறியும் பொலித்தீன் பைகள் பாதையோரத்தில் கிடக்கின்றன. குரங்குகளுக்குத் தீனி கொடுத்துப் பழக்கிவிட்டு, பின்னர் அவை பையைப் பறிக்கின்றன என்று முறையிடுகிறோம். எல்லாவற்றினும் மேலாகச் சத்தம்! கடைத்தெருவை விட்டு ஓடிவருகிறவர்கள் கடைத்தெருவைத் தம் கைத்தொலைபேசியில் ஏற்றிக்கொண்டு வந்தால் காட்டுக்கு வந்து என்ன பயன்? பறவையை அழைப்பதற்கென்று அதன் குரலைப் பதிவு செய்து ஒலிக்கவிடுவதும் நல்லதன்று. தன் எல்லைக்குள் வேறொரு பறவை வந்துவிட்டது என்று எண்ணி, அது இரை தேடுவதை விட்டுப் பதைக்கிறது.

போக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். காட்டின் வாயிலில் நுழைவுச் சீட்டுப் பெற வேண்டும். திறக்கும் நேரத்தை முன்னரே விசாரித்துக்கொண்டு, இயன்றவரை காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் பறவைகளும் எம்மைப் போலவே சோம்பிவிடும். கண்டியில் டிசெம்பர் மழைக்காலமாகையால் அட்டைகள் இருக்கும். நீண்ட காலுறை அணிந்து அதன்மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வது நன்று. பளிச்சென்ற உடை வேண்டாம். தொலைநோக்கி இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் குறையில்லை, காதுகள் இருக்கின்றன. தனியே போகாமல் மூவர் நால்வராகப் போங்கள். ஒரே இடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். முதல் ஐந்து நிமிடமும் காட்டில் எதுவுமே இல்லை என்று தோன்றும். அதன்பின் ஒரு கிளை அசையும்.

ஒரு கொப்பியும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். நாள், நேரம், கண்ட பறவை, எத்தனை என்ற நான்கையும் குறித்தால் போதும். பெயர் தெரியாவிட்டால் நிறத்தையும் வாலின் நீளத்தையும் எழுதுங்கள்; வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். கேணல் லெக் என்ற படைவீரர் 1880இல் நிறைவு செய்த இலங்கைப் பறவைகள் வரலாறும், ஜி. எம். ஹென்றி தாமே படம் வரைந்து 1955இல் வெளியிட்ட வழிகாட்டி நூலும் இத்தகைய குறிப்புகளிலிருந்தே வளர்ந்தன. 1943இல் தொடங்கப்பட்ட இலங்கைப் பறவைக் கழகமும் இவ்வாறு குறிப்பெடுப்போரால்தான் நடந்து வருகிறது. அந்த நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழில் இலங்கைப் பறவைகளைப் பற்றி எழுத வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அதை எழுதப் போகிறவர் இன்று பத்து வயதுப் பிள்ளையாக, சப்பாத்துக் கடையின் நெரிசலில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். அந்தப் பிள்ளையை ஒருமுறையாவது காட்டுக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

மேட்டில் ஏற இயலாத முதியோர்க்கும் கண்டியில் இடமுண்டு. கடைசி அரசனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டில் அமைத்த வாவி, தலதா மாளிகையின் காலடியில் கிடக்கிறது. மதுரை நாயக்கர் வழியில் வந்த அந்த அரசன் ஆங்கிலேயரால் வேலூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1832இல் அங்கேயே மாண்டான். அவன் அமைத்த வாவியோ மாலைதோறும் புதிய குடிகளை வரவேற்கிறது. பொழுது சாயும்போது நீர்க்காகங்களும் கொக்குகளும் கூழைக்கடாக்களும் கரையோர மரங்களை நோக்கிக் கூட்டங்கூட்டமாகத் திரும்பும். அந்த மரங்களின் கீழ் நடைபாதை வெள்ளையடித்தாற் போல் இருக்கும். மழை இல்லாவிட்டாலும் குடை பிடித்து நடப்பது புத்திசாலித்தனம். மதில் ஓரமாக ஓர் இருக்கையில் அமர்ந்து, இன்று எத்தனை நீர்க்காகங்கள் வந்தன என்று பேரப்பிள்ளையோடு போட்டியிட்டு எண்ணலாம். இரண்டு பேரின் கணக்கும் ஒருநாளும் ஒத்துப் போகாது. அதனால் மறுநாளும் வர வேண்டியிருக்கும்.

இன்னும் நேரமிருப்பவர்கள் பேராதனைப் பூங்காவுக்குப் போகலாம். 1821இல் தொடங்கப்பட்ட அந்த 147 ஏக்கர்த் தோட்டத்தை மகாவலி கங்கை மூன்று பக்கமும் வளைத்து ஓடுகிறது. அங்கே பழந்தின்னி வௌவால்கள் ஆயிரக்கணக்கில் மரங்களில் தொங்குவதைக் கண்டால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மறந்துபோகும். கட்டுச்சோறு கொண்டு போங்கள். அதைச் சுற்றிய தாளையும் பையையும் மறவாமல் திருப்பி எடுத்து வாருங்கள்.

கடைக்குப் போகவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பிள்ளைக்குச் சப்பாத்து வேண்டியதுதான். வியாபாரிகளும் ஆண்டு முழுவதும் இந்த மாதத்தையே நம்பியிருக்கிறார்கள். வாங்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒரே நாளில் வாங்கி முடித்துவிடுங்கள். மீதமிருக்கும் நாட்களில் ஒன்றைக் குடும்பத்துக்காக ஒதுக்குங்கள். சிறுவருக்குப் புதுச் சட்டை ஒரு வருடத்தில் இறுக்கமாகிவிடும். விளையாட்டுச் சாமானின் சில்லு தைப்பொங்கலுக்கு முன் கழன்றுவிடும். பக்கவாட்டில் வாலாட்டும் குருவியை முதன்முதலில் கண்ட காலை அவ்வளவு எளிதில் கழன்று போகாது.

இவ்வாண்டு உங்கள் கொப்பியில் எத்தனை பறவைகள் சேர்ந்தன என்பதை எமக்கு எழுதுங்கள். ஒன்றே ஒன்றாயினும் எழுதுங்கள்.